கோடியில் நிற்கிறவன்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 'டைட் எண்ட்' என்று ஓர் இடம் உண்டு. பெயருக்குத்தான் கால்பந்து, காலைவிட அங்கே கைக்கும் தோளுக்கும்தான் வேலை. பதினோரு பேரில் ஐந்து பேர் எதிராளியை மறிப்பதற்கென்றே வரிசையாக நிற்பார்கள். அந்த வரிசையின் கோடியில் ஒட்டி நிற்பவன் டைட் எண்ட். ஒரு தடவை மறிக்கணும், அடுத்த தடவை ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கணும். பந்தைப் பிடித்தால் கணக்கில் ஏறும்: இத்தனை பிடி, இத்தனை கெஜம். மறித்ததற்கு அப்படி ஓர் எண் கிடையாது. நாலு வருடக் கல்லூரி ஆட்டத்தை ஒருவன் மறித்தே கழித்தால், காகிதத்தில் அவன் ஆடவே இல்லாத மாதிரி இருக்கும்.

இதைப் படித்ததும் எனக்கு நம்ம கபடி கார்னர் ஞாபகம்தான் வந்தது. ஏழு பேர் கைகோத்து நிற்கிற சங்கிலியில் இரண்டு கோடியிலும் நிற்பவர்கள். பாடி வருகிறவன் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டுவான் பாருங்கள், அந்தக் கண்ணிமைப்பில் கணுக்காலைப் பிடிக்க வேண்டியது கார்னர். கொஞ்சம் முந்திப் பாய்ந்தால் தொட்டுவிட்டுப் போய்விடுவான். பிடித்தபின் கை நழுவி, அவன் விரல் நுனி நடுக்கோட்டில் பட்டாலும் போச்சு. உதவிக்கு விழுந்த நாலு பேரும் சேர்ந்து அவுட்.

கணக்கு என்று வந்தால், பாடுகிறவனுக்கு ஒரே மூச்சில் மூன்று நான்கு புள்ளி கிடைக்கலாம். பிடிக்கிறவனுக்கு ஒன்று. மூன்று பேரோ அதற்குக் குறைவோ களத்தில் இருக்கும்போது பிடித்தால் மட்டும் இரண்டு, அதைத்தான் சூப்பர் டேக்கிள் என்கிறார்கள். புரோ கபடியில் பர்தீப் நர்வால் ரைடு புள்ளிகளில் 1,700ஐத் தாண்டிவிட்டார். பிடிப்பதில் 500ஐ முதலில் தொட்டவர் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி. இரண்டையும் பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்று கேட்பது வெட்டிப் பேச்சு.

இந்த இடத்தில் ஆடி நீண்ட நாள் நிலைத்தவருக்குத் தமிழ்நாட்டிலேயே ஆள் இருக்கிறார். தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன், வலது கார்னர். பிறந்தது 1975. புரோ கபடி 2014இல் தொடங்கும்போதே அவருக்கு 39 வயது. மற்ற ஆட்டங்களில் ஓய்வு பெற்று மைக் பிடித்திருக்கிற வயது. அவரோ 2016இல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பை வாங்கினார். அதே வருடம் அகமதாபாத்தில் ஈரானை 38-29 என்று வென்று உலகக் கோப்பை வாங்கிய இந்திய அணியிலும் இருந்தார். 2019இல் ஹரியானா ஸ்டீலர்ஸுக்குக் கேப்டன், வயது 44. பாடுகிறவனுக்கு வேகம் வேணும், அது முப்பதில் குறைய ஆரம்பிக்கும். கார்னருக்கு வேண்டியது பொறுமை. சேரலாதன் அவ்வளவு நாள் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இப்போது கார்னருக்குக் காசும் வருகிறது. 2023 ஏலத்தில் முகமதுரேசா ஷாத்லூயி 2.35 கோடிக்குப் போனார்.

சாயல்குடிப் பக்கம் நிலவரம் வேற. கோயில் திருவிழா, பொங்கல் என்றால் கிராமத்துக்குக் கிராமம் தொடர் கபடிதான். ராத்திரி முழுக்க மைக் செட், விடியும்போது இறுதிப் போட்டி. சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு எல்லாம் உண்டு. எழுதி வைக்கிறது அணியின் புள்ளியை மட்டும். எந்தப் பய எத்தனை பேரைப் பிடிச்சான் என்று யாரும் எழுதுவதில்லை. அப்படியே எழுதினாலும் வேலைக்கு உதவாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்பது 'பார்ம்'. நாட்டுக்கு ஆடினால் பார்ம் 1, மாநிலத்துக்கு ஆடினால் பார்ம் 2, பல்கலைக்கழகத்துக்கு ஆடினால் பார்ம் 3, பள்ளி தேசியப் போட்டி என்றால் பார்ம் 4. பத்து வருடம் மண்ணில் உருண்டு வாங்கிய நூறு கோப்பை இதில் ஒரு பார்முக்கும் ஈடாகாது.

நம்ம பசங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது பார்ம் 3தான். அதற்குக் கல்லூரி அணியில் நின்று, அங்கிருந்து காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் இறங்கணும். தேர்வு நாளில் அரைமணி நேரம்தான் பார்ப்பார்கள். பாடுகிறவன் இரண்டு ரைடில் கண்ணில் பட்டுவிடுவான். கார்னர் நிற்கிற பக்கம் எவனும் வராமலே ஆட்டம் முடிந்துவிடலாம். நல்ல கார்னர் என்று பயந்துதான் வராமல் இருந்திருப்பான், அது யாருக்குத் தெரியும்? அமெரிக்காவில் இந்தச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட வழி முழு ஆட்டத்தையும் படம் பிடித்து, மறித்ததையும் சேர்த்து மதிப்பெண் போடுவது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், இடது கார்னர், கல்லூரியில் இரண்டாம் வருடம். போன வாரம் அவனிடம் இதைச் சொன்னேன். "அண்ணே, போன்ல எடுத்துத் தர்றியளா? எங்க டீம்ல எல்லாரும் ரைடரத்தான் எடுக்கானுங்க" என்றான். நரிப்பையூரில் அடுத்த ஆட்டம். பெரிய பேட்டரி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.