கூந்தன்குளம்: உழவர் குளத்தில் ஒரு பறவைப் புகலிடம்

நிலமும் நீரும் ஆண்டுதோறும் தம்முள் எல்லை மாற்றிக்கொள்ளும் இடம் ஈரநிலம் எனப்படும். அது இயற்கையாய் அமைந்ததாகவோ மாந்தர் கையால் வெட்டப்பட்டதாகவோ இருக்கலாம். 1971-இல் ஈரான் நாட்டு இராம்சார் நகரில் உருவான உலக உடன்படிக்கை இவ்விரு வகையையும் ஈரநிலம் என்றே ஏற்றது. அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் 2021-இல் சேர்ந்த கூந்தன்குளம், நெல்லை மாவட்டத்து நாங்குநேரி வட்டத்தில் வயலுக்கு நீர் தரும் ஊர்க்குளமே.

நீர்ப்பறவைகளை அவை இரை கொள்ளும் முறையால் பகுத்து நோக்கின், குளத்துள் அமைந்த ஒழுங்கு புலப்படும். கூழைக்கடா நீந்திச் சென்று தாடைப்பையால் மீனை நீரோடு முகந்து, நீரை வடித்து விழுங்குகிறது. மஞ்சள்மூக்கு நாரை கால் நனையும் நீரில் நின்று, பாதி திறந்த அலகை அமிழ்த்தி, மீன் தொட்ட நொடியில் கவ்வுகிறது. கரண்டிவாயன் அலகை இருபுறமும் வீசி நீரைத் துழாவுகிறது. பூநாரையோ தலைகவிழ்த்துச் சேற்றுநீரை உறிஞ்சி, அலகின் உள்விளிம்பிலுள்ள வடிதகடுகளால் நுண்ணுயிர்களைப் பிரித்தெடுக்கிறது. ஆழம் வேறுபட, அலகும் வேறுபடுகிறது. அதனாலேயே ஒரே குளம் பல இனங்களுக்கு உணவளிக்க முடிகிறது.

உணவு மட்டும் போதாது. குஞ்சு சிறகு முற்றிப் பறக்கும்வரை நீர் நிற்க வேண்டும். இடையில் குளம் வற்றின் கூடுகள் கைவிடப்படும். பொருநை என்னும் தாமிரபரணியின் துணையாறாகிய மணிமுத்தாற்று நீர், கால்வாய் வழியே இங்கு வந்து சேர்வது அதனால் பெரும்பேறு.

இக்குளம் பெற்றதைத் திருப்பியும் தருகிறது. பறவை எச்சத்தில், பயிருக்குத் தழையூட்டமாகும் வெடியமும் (நைட்ரசன்) மணியூட்டமாகும் எரியமும் (பாசுபரசு) மிகுதி. எச்சம் கலந்த நீரும் வண்டலும் வயலை அடைய, குளத்து மீனில் இருந்த ஊட்டம் பறவை வழியே நெல்லாகிறது. இதனை ஊட்டச் சுழற்சி எனலாம். தம் விளைச்சலுக்கு உரம் தரும் பறவையை உழவர் விருந்தாகப் பேணுவதில் வியப்பில்லை.

காடன்குளத்தையும் சேர்த்து 129.33 எக்டேர் பரப்பை அரசு 1994-இல் புகலிடமாக அறிவித்தது. ஊரார் காவல் அதற்கும் முந்தியது. வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் நாரைகள் கூடு கட்டுகின்றன. பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் இங்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளுக்கு இரையூட்டி வளர்க்கும் பரிவும் இவ்வூரில் உண்டு. சட்டத்தைவிட இதனையே யான் வலிய வேலியாகக் கருதுகிறேன்.

வெங்காயத்தாமரை மூடியும் சீமைக்கருவேல் அடர்ந்தும் கிடக்கும் பொருநைப் படுகைக் குளங்களை மீட்க முனைவோர்க்கு இங்கு தெளிவான பாடம் உண்டு. வரத்துக்கால் அடைபட்ட குளத்தில் கரையை மட்டும் அழகுபடுத்துவது வீண். முதலில் நீர்வழியைத் திறக்க வேண்டும். நாட்டுக்கருவேல் மரங்களைக் கூட்டுக்காக விட்டுவைக்க வேண்டும். தூர்வாரும்போது அடித்தளத்தை எங்கும் ஒரே மட்டமாகத் தோண்டலாகாது. தோண்டினால் கூழைக்கடா நீந்தும், நாரைக்கு நிற்க இடமிராது.