பதிவான நேரமா, நடந்த நேரமா?

மார்ச் 31-க்குள் கணினிப் பதிவுகளை ‘பிராசஸ் மைனிங்’ ஆய்வுக்கு (பதிவுகளிலிருந்து வேலை நடந்த வரிசையையும் நேரத்தையும் மென்பொருள் மூலம் படமாக வரையும் முறை) ஒப்படைக்கும்படி மேலிடம் சொல்லியிருப்பதாக, மருத்துவமனை ஊழியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: “நாங்கள் தாமதிக்காத இடத்தில் தாமதம் என்று காட்டுகிறதே, எப்படி?”

‘வேலை நடப்பதை உள்ளபடியே காட்டும்’ என்பது நிர்வாகங்கள் தரும் விளக்கம். அதை அப்படியே ஏற்பதற்கில்லை. கணினியில் எது, எப்போது பதிவானது என்பதைத்தான் அந்த மென்பொருள் காட்டும்.

ஓர் அவசரப் பிரிவை எடுத்துக்கொள்வோம். நோயாளி 9:00 மணிக்குப் பதிவு செய்கிறார். 9:10-க்கு ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், 9:25-க்கு ரத்தம் எடுக்கிறார்கள், 9:40-க்கு மருத்துவர் வந்து பார்க்கிறார். செவிலியருக்குக் கணினி முன் உட்கார 11:05 ஆகிறது. படிவத்தை நிரப்பி ‘சேவ்’ கொடுத்ததும் மூன்று வேலைகளுக்கும் 11:05 என்றே முத்திரை விழுகிறது. அவர் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால், நோயாளியை 2 மணி 5 நிமிடம் யாரும் கவனிக்கவில்லை என்று மென்பொருள் கணக்கிடும். ஒரே நேரம் என்பதால் எது முந்தியது என்றும் அதற்குத் தெரியாது; மருத்துவர் பார்த்த பிறகே ரத்த அழுத்தம் பார்த்ததாகவும் படம் வரையலாம்.

கவலை தருவது அடுத்த விஷயம். கூட்டம் நெரியும் இரவில்தான் பதிவு அதிகம் தள்ளிப்போகும். நோயாளியை முதலில் கவனித்துவிட்டுப் பிறகு படிவத்தைத் தொடுபவருக்கே கெட்ட பெயர் வரும். இந்தப் பிழை ஒரே பக்கம் சாய்வதால், ஆயிரம் பேரின் சராசரி எடுத்தாலும் கரையாது. குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வகைப்படுத்திய 11 பதிவுக் கோளாறுகளில், படிவத்தைச் சேமித்த நேரமே எல்லா வேலைகளுக்கும் விழும் இந்தக் கோளாறும் ஒன்று.

இலக்கு நிர்ணயித்தால் சிக்கல் கூடும். அவசரப் பிரிவுக்கு வருவோரை 4 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்ற இலக்கு இங்கிலாந்தில் வந்தபின், 4 மணி நேரம் முடியும் தறுவாயில் வெளியேறியோர் எண்ணிக்கை திடீரென எகிறியது பதிவுகளில் தெரிந்தது. கடைசி நேரத்தில் வேலை வேகம் பிடித்ததா, நேரம் மட்டும் திருத்தப்பட்டதா என்பதை அந்தப் பதிவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

மற்ற கேள்விகள்:

நேரம் 00:00 என்று இருக்கிறதே? தேதி மட்டும் பதிவாகியிருக்கும். ரத்தம் எடுக்கும் முன்பே பரிசோதனை முடிவு வந்ததாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

03/04 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? எந்த மென்பொருளிலிருந்து வந்தது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

‘டிஸ்சார்ஜ்’, ‘டிஸ்சார்ஜ் முடிந்தது’ இரண்டும் உள்ளனவே? ஒரே வேலைதான் என்றால் ஒரே பெயராக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டாக எண்ணப்படும்.

தவறான வரிகளை நீக்கலாமா? கூடாது, குறித்து மட்டும் வையுங்கள். நீக்கினால், அதிகம் அவதிப்பட்ட நோயாளிகளே கணக்கிலிருந்து விடுபடக்கூடும்.

ஒப்படைக்கும் முன், பத்து நோயாளிகளின் பதிவையாவது வார்டில் இருந்தவர்களுடன் உட்கார்ந்து சரிபாருங்கள். படிவத்தில் ‘நடந்த நேரம்’ என்று தனிக் கட்டம் கேளுங்கள். அது இல்லாத பதிவை வைத்து எந்த ஊழியருக்கும் மெமோ கொடுப்பது நியாயமல்ல.