மொபைல் நம்பருக்கு எந்த பீல்டு?

வெப்சைட்டுக்காக மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் அமைக்கிறீர்களா? மொபைல் நம்பர் பீல்டுக்கு 'இன்ட்' வகையைத் தேர்வு செய்யாதீர்கள். வெப் அப்ளிகேஷன் எழுதும் நான், எந்த டேபிளைத் திறந்தாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இன்ட் என்பது 4 பைட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. நம் மொபைல் நம்பர்களோ 6, 7, 8 அல்லது 9-ல் தொடங்கும் 10 இலக்கங்கள். எல்லாமே இதைவிடப் பெரியவை. 2015-ல் வெளியான 5.7 பதிப்பு முதல் ஸ்டிரிக்ட் மோடு தானாகவே இயங்குவதால், இப்படிப்பட்ட பதிவை எர்ரர் காட்டி மறுத்துவிடும். அந்த மோடு நிறுத்தப்பட்ட சர்வரில், ஓர் எச்சரிக்கையோடு 2147483647 என்றே பதிவாகும். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நம்பர்! பிறகு பீல்டு வகையை மாற்றினாலும் பழைய நம்பர்கள் திரும்பாது.

'பிக்இன்ட்' கொடுத்தால் நம்பர் அடங்கும். ஆனால் 044 என்ற எஸ்.டி.டி. கோடு 44 ஆகிவிடும்.

எனவே 'வார்கேர்' 20 கொடுங்கள். போன் நம்பரை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லையே! அடிக்கடி தேடுவதானால் இன்டெக்ஸும் சேருங்கள். கொயரியில் நம்பரை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். இல்லையேல் இன்டெக்ஸ் பயன்படாது. டேபிள் முழுவதையும் தேடும்.