தாலிக்கு முந்தைய இரவு நெஞ்சு வலித்தால்...

கல்யாண போட்டோகிராபருக்கு மருத்துவ விடுப்பு கிடையாது. முகூர்த்தத்துக்குச் சில மணி நேரம் முன்பு உடம்பு படுத்தினால் மிச்சம் இருப்பது ஒரு போன்தான். அதையும் பலர் தாமதமாகவே செய்கிறார்கள்.

பேட்டரிகள் சார்ஜில் கிடக்கின்றன. மெமரி கார்டுகள் காலி செய்யப்பட்டுவிட்டன. முகூர்த்தம் காலை 6 மணியிலிருந்து 7.30 வரை. பெண்ணின் அலங்காரத்தைப் படம் எடுக்க வேண்டும் என்றால் 4 மணிக்கே மண்டபத்தில் இருந்தாக வேண்டும். மாலை ரிசப்ஷனை முடித்துக்கொண்டு இரவு 11 மணிக்கு வீடு திரும்பிய போட்டோகிராபர், ஷூவைக் கழற்றக் குனியும்போது நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது. கடைசிப் பந்தியில் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்ட சாப்பாடாக இருக்கும் என்று ஒரு சோடாவைக் குடிக்கிறார். அரை மணி நேரத்தில் வலி இடது தோளுக்கு ஏறுகிறது. நெற்றியில் வியர்வை. மனைவி டாக்டரிடம் போகலாம் என்கிறார். “காலைல கல்யாணம் இருக்கு. முடிச்சுட்டு வந்து பார்த்துக்கலாம்” என்பதுதான் இந்தத் தொழிலில் இருப்பவரின் வாயில் முதலில் வரும் பதில்.

பெங்களூரின் மர்பி டவுனில் இப்படி ஓர் இரவு எந்த முகூர்த்த சீசனிலும் வரலாம். கன்டோன்மென்ட் பிரிட்டிஷார் கையில் இருந்த காலத்தில் இந்த இடத்துக்கு நாக்ஸ்பேட்டை என்று பெயர். உழைக்கும் மக்களுக்கான சிறு வீடுகளோடு வளர்ந்த இந்தப் பகுதிக்குப் பிற்பாடு மர்பி என்ற பொறியாளரின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1947ல் கன்டோன்மென்ட் மைசூர் சமஸ்தானத்திடம் திரும்பி வந்தது. 1949ல் இரண்டு நகரசபைகளும் ஒன்றாகி மாநகராட்சி பிறந்தது. அல்சூர் பக்கத்துத் தமிழ் மட்டும் அப்படியே இருக்கிறது. 18 ஆண்டுகள் துணிக்குள் கிடந்து 2009 ஆகஸ்ட் 9ல் வெளிச்சம் பார்த்த திருவள்ளுவர் சிலை நிற்கும் ஏரிக்கரை இங்கிருந்து அதிக தூரமில்லை.

இப்படிப்பட்ட பகுதியில் தொழில் நடத்தும் போட்டோகிராபருக்கு ஒரே வாரத்தில் மூன்று மொழிக் கல்யாணம் வரும். தமிழ் வீட்டில் கெட்டிமேளம் கொட்டித் தாலி ஏறும் நொடிதான் உயிர். தெலுங்கு வீட்டில் அதற்கு முன்பே, திரை விலகும்போது சீரகமும் வெல்லமும் கலந்த விழுதை மணமக்கள் ஒருவர் தலையில் மற்றவர் வைக்கும் நொடிதான் சுபமுகூர்த்தம். கன்னட வீடுகளிலும் அந்தத் திரையும் சீரக வெல்லமும் உண்டு. அவர்களுக்குத் தாரை வார்ப்பது மிக முக்கியம். தமிழ்க் கிறிஸ்தவர் வீடு என்றால் தேவாலயத்திலும் தாலி உண்டு. ஆனால் பீடத்தின் அருகே போட்டோகிராபர் எதுவரை வரலாம் என்பதைப் பாதிரியாரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. படுத்துக் கிடக்கும் அந்த மனிதரின் தலைக்குள் இருக்கிறது. அவருக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்புவது சுலபமல்ல என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் பஞ்சாங்கம். ஆடியிலும் மார்கழியிலும் தமிழ்க் கல்யாணம் இல்லை. தை, வைகாசி, ஆவணி என்று சில மாதங்களில், அதிலும் சில நாட்களில், ஊரே கல்யாணம் செய்கிறது. நல்ல முகூர்த்த நாளில் உடம்புக்கு வந்தால், அன்று ஊரிலுள்ள திறமையான போட்டோகிராபர்கள் அத்தனை பேரும் ஏதாவது ஒரு மேடையருகே நின்றுகொண்டிருப்பார்கள். பதிலாள் மிக அவசியமாகத் தேவைப்படும் நாளில்தான் பதிலாள் கிடைப்பதில்லை. ஆகவே இரவு 11 மணிக்குச் செய்யும் போனுக்கும் காலை 4 மணிக்குச் செய்யும் போனுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இரவில் ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று பத்துப் பேரைக் கேட்கலாம். விடியற்காலையில் பத்துப் பேரும் வண்டியில் ஏறியிருப்பார்கள்.

உடம்பும் கடிகாரத்தைத்தான் பார்க்கிறது. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். முதல் சில மணி நேரங்களில்தான் அதன் பலன் அதிகம். நெஞ்சு வலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் நெறி. முதல் இசிஜி சரியாக இருந்தாலே வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் அர்த்தமில்லை. சிறிது நேரம் கழித்து மறுபடி இசிஜியும், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். சர்க்கரை வியாதிக்காரருக்கு வலி அவ்வளவாகத் தெரியாமலே மாரடைப்பு வருவதும் உண்டு. நேரத்துக்குச் சாப்பாடில்லாமல், தூக்கமில்லாமல், தோளில் கனமான பையோடு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் ஒரு தொழிலில் இது சின்ன விஷயமில்லை.

பெங்களூருக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 2021 அக்டோபர் 29ல் நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்தபோது நகரமே உறைந்து போனது. அடுத்த சில நாட்களில் ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்காகக் கூட்டம் முண்டியடித்தது. பிறகு 2023ல் மாரடைப்பின் முதல் மணி நேரச் சிகிச்சைக்காக கர்நாடக அரசு கொண்டுவந்த திட்டத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. மர்பி டவுன்காரர்களுக்கு இந்திராநகரின் சர் சி.வி. ராமன் அரசுப் பொது மருத்துவமனை பக்கம். 108க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ். ஆட்டோவை எழுப்பினாலும் நடு இரவில் போக்குவரத்து நெரிசல் இல்லை. அந்த ஊரில் இதை ஒரு வரம் என்றே சொல்ல வேண்டும்.

இருந்தும் ஏன் தள்ளிப்போடுகிறார்கள்? பயம்தான். வலியைவிட, வாங்கிய அட்வான்ஸ் பற்றிய பயம். அது ஏற்கெனவே லென்ஸ் தவணைக்கோ பையனின் பள்ளிக் கட்டணத்துக்கோ போயிருக்கும். “கல்யாணத்தன்று கைவிட்டவன்” என்ற பேர் அல்சூர் முழுக்கப் பரவும் என்ற பயம் அதைவிடப் பெரிது. சட்டம் என்ன செய்யுமோ என்ற பயமும் உண்டு. ஆனால் சட்டம் இந்த விஷயத்தில் அவர் நினைப்பதைவிட இரக்கமானது.

1872ல் இயற்றப்பட்ட இந்திய ஒப்பந்தச் சட்டம் இந்தச் சிக்கலை அன்றே யோசித்திருக்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு நாடகத்தில் நடிக்க ஒப்புக்கொண்டவர் சில நாட்கள் நோயால் நடிக்க முடியாமல் போனால், அந்த நாட்களுக்கான ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்பது 56வது பிரிவு தரும் ஓர் உதாரணம். 65வது பிரிவில் இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் வருகிறது. கச்சேரியில் பாட 1,000 ரூபாய் முன்பணம் வாங்கியவருக்கு உடம்பு சரியில்லாமல் பாட முடியவில்லை. கச்சேரி நடந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தை அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த 1,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். பாடகர் என்ற இடத்தில் போட்டோகிராபர் என்று போட்டுப் படித்தால் விஷயம் புரிந்துவிடும். நோய்க்குத் தண்டனை இல்லை. அட்வான்ஸ் மட்டும் அவருடையதில்லை.

பதிலாளை அனுப்பலாமா என்பதற்கும் அதே சட்டத்தில், 40வது பிரிவில், பதில் இருக்கிறது. ஓவியம் வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டவர் தானேதான் வரைய வேண்டும். ஆள் முக்கியமில்லாத வேலை என்றால் தகுந்த வேறொருவரை வைத்து முடிக்கலாம். கல்யாண போட்டோ இதில் எந்தப் பக்கம்? ஸ்டுடியோவின் பெயரைப் பார்த்து புக் செய்திருந்தால் ஒரு பதில், “அவர் எடுத்தால்தான்” என்று தேடி வந்திருந்தால் வேறு பதில். புத்திசாலிகள் புக்கிங் தாளிலேயே ஒரு வரி எழுதிவிடுகிறார்கள்: தவிர்க்க முடியாத நிலையில் இன்னார் அளவுக்குத் திறமையுள்ள ஒருவர் வருவார், இல்லையேல் முழுப் பணமும் வாபஸ். இந்த ஒரு வரி பல வீடுகளில் சண்டையைத் தடுத்திருக்கும்.

சட்டம் மன்னிக்காத விஷயம் ஒன்று உண்டு. 1871ல் இங்கிலாந்தில் அராபெல்லா காடர்ட் என்ற புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஒரு கச்சேரிக்கு ஒப்புக்கொண்டிருந்தார். உடம்பு முடியவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. நோய் என்பதால் வாசிக்காமல் போனதற்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பானது. ஆனால் ஏற்பாட்டாளருக்கு 2 பவுண்டு 13 ஷில்லிங் 9 பென்ஸ் கிடைத்தது. காரணம், அவர் வர முடியாத தகவல் தபாலில் அனுப்பப்பட்டு, கச்சேரி நாள் காலையில்தான் போய்ச் சேர்ந்தது. தந்தி அடித்திருந்தால் அந்த வீண்செலவு மிச்சமாகியிருக்கும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சில்லறைத் தொகை, தாமதமாகச் சொன்னதற்கான விலை. சொல்லாமலே வராமல் போனால்? அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 1971ல் ஸ்காட்லாந்தில் கல்யாணத்துக்கு வராமல் போன போட்டோகிராபர், மணப்பெண்ணின் மனவேதனைக்காக 30 பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் இத்தகைய புகார்கள் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்.

ஆகவே இரவு 11 மணிக்குச் செய்ய வேண்டியவை இரண்டு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது ஒன்று. போகும் வழியிலேயே, முடிந்தால் மனைவி கையில் போனைக் கொடுத்து, தொழில் நண்பரைக் கூப்பிடுவது இன்னொன்று.

“தம்பி, நாளைக்குக் காலைல உனக்குக் கல்யாணம் இருக்கா?”

“இருக்குண்ணா. என்னாச்சு, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்ப்பா. யாராவது இருந்தா சொல்லு.”

“நீங்க அண்ணனைப் பாருங்க அண்ணி. ஆளை நான் பார்த்துக்கறேன்.”

இந்த வட்டாரத் தொழிலில் காப்பீடு என்று எதையாவது சொல்ல முடியுமானால் அது இந்த உரையாடல்தான். இன்று நான் உன் கல்யாணத்துக்கு, நாளை நீ என் கல்யாணத்துக்கு என்ற எழுதப்படாத கணக்கு. அடுத்த போன் பெண் வீட்டாருக்கு. அதைத்தான் பலர் தவிர்க்கப் பார்க்கிறார்கள். காலையில் புது முகம் ஒன்று கேமராவோடு நிற்பதைப் பார்த்துப் பெண்ணின் அப்பா கொதிப்பதைவிட, இரவே விஷயம் தெரிந்து அவர் பத்து நிமிடம் கோபப்படுவது மேல். நோய் என்றால் பெரும்பாலான கல்யாண வீடுகள் இளகிவிடும். மறைத்தால்தான் இளகாது.

வரும் ஆளுக்கு என்ன சொல்ல வேண்டும்? மண்டபத்தின் பெயரும் நேரமும் போதாது. பெண் வீடு தெலுங்கா, மாப்பிள்ளை வீடு தமிழா? தாத்தா எங்கே உட்கார்ந்திருப்பார், வெளிநாட்டிலிருந்து வந்த அத்தை யார், எந்த இரண்டு பங்காளிகளை ஒரே குரூப் போட்டோவில் நிறுத்தக் கூடாது? கேனான் லென்ஸ் நிக்கானில் பொருந்தாது. ஆகவே கேமராவையே கொடுப்பதா அல்லது அவருடையதையே கொண்டுவரச் சொல்வதா? வீடியோக்காரரின் கேமராவிலும் இவருடையதிலும் கடிகாரம் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடிட்டிங்கில் மாலை மாற்றுவதற்கு முன்பே மெட்டி போட்டுவிடுவார்கள். ரிசப்ஷன் படங்கள் உள்ள கார்டைத் தவறுதலாகக்கூட அழித்துவிடக் கூடாது. அதைப் பையிலிருந்து எடுத்து வீட்டில் வைத்துவிடுவதே நல்லது.

படங்களின் மதிப்பு ஆல்பத்தோடு முடிவதில்லை. திருமணப் பதிவுக்கும், பின்னாளில் தகராறு வந்தால் குடும்ப நீதிமன்றத்துக்கும் அவை போகின்றன. அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் திருமணங்கள் நடத்துவதை நிறுத்திவிட்டதாக 2025 டிசம்பரில் செய்தி வந்தது. விவாகரத்து வழக்குகளில் சாட்சி சொல்ல அர்ச்சகர்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்ததுதான் காரணமாம். அர்ச்சகருக்கே அந்த நிலை என்றால், தாலி கட்டிய நொடியைப் பதிவு செய்தவரின் வேலையை லேசாக நினைக்க முடியாது.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருப்பவரின் நிலை வேறு. தொழிற்சாலையில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் என்றால் இஎஸ்ஐ உண்டு. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்கும். சொந்தமாக ஸ்டுடியோ நடத்துபவர் அந்தக் கணக்கில் வர மாட்டார். 2018ல் வந்த ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்ய கர்நாடகா திட்டத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு. ஓய்வெடுக்கச் சொன்ன வாரங்களில் கைநழுவும் முகூர்த்தங்களுக்கு எந்த அட்டையும் பணம் தருவதில்லை. அதனால்தான் டாக்டர் சொன்ன ஓய்வு முடியும் முன்பே சிலர் பையைத் தோளில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடைசியில் ஆல்பம். வந்து எடுத்த நண்பர் அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு கார்டுகளை ஒப்படைத்துவிடுவார். அந்தப் படங்களைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்த மாட்டார் என்பது தொழில் மரியாதை. அட்டையில் படுத்திருந்தவரின் ஸ்டுடியோ முத்திரை விழும். காப்புரிமை யாருக்கு? வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு. ஆக, எடுத்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது, உரிமை பெண் வீட்டாருக்கு.