அட்டையைத் தட்டினால் பச்சை நீளும்

சிங்கப்பூரில் சாலையைக் கடக்க வரும் மூத்தவர், சிக்னல் கம்பத்திலுள்ள பெட்டியில் தம் சலுகை அட்டையைத் தட்டுகிறார். பச்சை விளக்கு கூடுதலாகச் சில விநாடிகள் எரிகிறது. சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வரை. 2009இல் தொடங்கிய ஏற்பாடு இது. கைத்தடியோடு நடப்பவருக்கு அந்த 13 விநாடி பெரிய விஷயம்.

முதியோர் மிகுந்த வட்டாரங்களில் 2014 முதல் வண்டிகளின் வேகத்தையும் குறைத்து வருகிறார்கள்.

‘கம்போங் அட்மிரல்ட்டி’ என்ற குடியிருப்பு இன்னும் ஒரு படி மேல். மூத்தோருக்கான வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி, குழந்தைப் பராமரிப்பு நிலையம் எல்லாம் ஒரே வளாகத்தில். பேரனை விடவரும் தாத்தா காப்பி குடித்து, ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டு, பேருந்து ஏறாமலே வீடு திரும்பலாம். 2018இல் உலகின் சிறந்த கட்டடம் என்ற விருதும் கிடைத்தது. குறை ஒன்றுதான்: அங்கே இருப்பவை சுமார் 100 வீடுகளே.