எண் வேறு, எழுத்து வேறு

ஒரு கோப்பில் 5 என்று எழுதிச் சேமிக்கிறோம். கணினி அவ்விடத்தில் வைத்திருப்பது 53. ஆஸ்கிக் குறிமுறையில் 0 என்னும் எழுத்துக்கு உரிய எண் 48; அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் 5 என்னும் எழுத்துக்கு 53. பைத்தானில் பல்லாண்டு நிரல் எழுதியவரும் இதைப் பாடத்தில் படித்திருப்பார். படித்ததோடு சரி, ஒருநாளும் இதனால் இடர்ப்பட்டிருக்க மாட்டார். அவருக்கும் அந்த 53-க்கும் நடுவில் மொழி நின்று, சொல்லாமலே வேலையை முடித்துவிடுகிறது. அந்த ஏவலாளுக்கு விடுப்புக் கொடுத்துவிட்டு, முன்பின் அறியாத அடிநிலை மொழி ஒன்றில் புதிர் அவிழ்க்க உட்காருவோர் ஆண்டுதோறும் திசம்பரில் உளர்.

அமெரிக்க நிரலாளர் எரிக் வாசுடல் 2015-இல் தொடங்கிய 'அட்வென்ட் ஆஃப் கோட்' அவர்களுக்குக் களம். திசம்பர் 1 முதல் 25 வரை நாளொரு புதிர் என்பது 2024 வரை இருந்த முறை. 2025-இல் அது பன்னிரண்டாகக் குறைந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் நள்ளிரவில், நமக்குக் காலை 10.30-க்கு, புதிர் திறக்கும். ஒவ்வொன்றும் இரு பகுதி. முதற்பகுதியை அவிழ்த்தாலன்றி இரண்டாவது கண்ணில் படாது. கேட்பது விடையை மட்டுமே. எம்மொழியில் கண்டாய், எவ்வளவு நேரத்தில் நிரல் ஓடிற்று என்ற வினாவே இல்லை; தாளில் போட்டுக் கண்டாலும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே சிலர் சிக் மொழியை எடுப்பர், சிலர் ஃபோர்த்தை. நான் எடுத்தது 64-பிட் இன்டெல் வகைச் செயலிக்கு உரிய அசெம்பிளி மொழி. பிழைப்புக்கு உதவாது என்று நன்கு தெரிந்தே எடுத்தேன்.

2021 திசம்பர் 6-ஆம் நாள் புதிர் விளக்குமீன்களைப் பற்றியது. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு நாட்கணக்கு உண்டு. அது நாளுக்கு ஒன்றாகக் குறையும். 0-வில் நிற்கும் மீன் மறுநாள் 6-க்குத் திரும்பும். அப்போதே 8 என்னும் கணக்கோடு குட்டி ஒன்றும் பிறக்கும். எடுத்துக்காட்டில் ஐந்தே மீன்கள்: 3,4,3,1,2. எண்பது நாளில் எத்தனை மீன் என்பது முதல் வினா. விடை 5,934.

பைத்தானில் இந்த ஐந்து எண்களை வாங்க ஒரு வரி போதும். அசெம்பிளியில் 'வாங்கு' என்ற சொல்லே இல்லை. செயலியினுள் பொதுப் பயனுக்குப் பதினாறு பதிவகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 64 பிட் அடங்கும். ஆர்ஏஎக்சு என்னும் பதிவகத்தில் 0 இட்டு இயங்குதளத்தை அழைத்தால், லினக்சு அதைப் 'படி' என்று கொள்ளும்; 1 இட்டால் 'எழுது'; 60 இட்டால் 'நிரலை முடி'. எத்தனை பைட் படிக்கலாம் என்பதை ஆர்டிஎக்சு பதிவகத்தில் வைக்க வேண்டும். வந்து சேர்வனவும் எழுத்துகளே. ஒவ்வோர் எழுத்திலிருந்தும் 48 கழித்து, அதுவரை சேர்ந்ததைப் பத்தால் பெருக்கி, அதனோடு கூட்டி, காற்புள்ளி கண்ட இடத்தில் நிறுத்தினால்தான் எழுத்து எண்ணாகும்.

இச்சிறு வேலை கணிப்பொறி வரலாற்றின் வாயிற்படியிலேயே கிடக்கிறது. 1949 மே 6 அன்று கேம்பிரிட்சில் எட்சாக் பொறி முதன்முதல் இயங்கியபோது, டேவிட் வீலர் எழுதிய 31 தொடக்கக் கட்டளைகள், நாடாவில் பதின்ம எண்ணாகத் துளையிட்டதை இரும எண்ணாக மாற்றித்தான் நினைவகத்தில் இட்டன. பழந்தமிழ் எண்முறைக்கும் இது புதிதன்று. இருபத்தைந்தை ௨௰௫ என்று எழுதினர்: இரண்டு, பத்து, ஐந்து. பெருக்கலும் கூட்டலும் எழுத்திலேயே நிற்கின்றன. பதின்ம இடமதிப்பு வந்தபின் அந்த ௰ மறைந்துபோயிற்று. அசெம்பிளி எழுதுகிறவன் அதை மீண்டும் கையால் எழுதுகிறான்.

மீன்களுக்கு வருவோம். பைத்தானில் முதலில் தோன்றும் வழி ஒரு பட்டியல்: மீன் பிறக்கப் பிறக்கப் பட்டியல் நீளும். அசெம்பிளியில் நீளும் பட்டியல் என்று ஒன்றில்லை. நினைவகத்தைக் கேட்டு வாங்கி நாமே கணக்கு வைக்க வேண்டும். சோம்பல்தான் எனக்கு நல்வழி காட்டிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீனை எண்ணாமல், ஒரே நாட்கணக்கில் நிற்கும் மீன்களின் தொகையை எண்ணினால் என்ன? 0 முதல் 8 வரை வட்டமாக ஒன்பது பெட்டிகள். பெட்டிக்கு 8 பைட். மொத்தம் 72 பைட். நாள்தோறும் பெட்டிகளை நகர்த்தவும் தேவையில்லை, 'இன்று பூச்சியப் பெட்டி எது' என்று காட்டும் விரலை நகர்த்தினால் போதும். விரல் நிற்கும் பெட்டியின் தொகையை ஏழு இடம் தள்ளியிருக்கும் பெட்டியில் கூட்டிவிட்டு விரலை அடுத்ததற்கு நகர்த்துக. விட்டு வந்த பெட்டி தானாகவே 8 ஆகிவிடும், அதிலிருப்போர் எல்லாம் புதுக்குட்டிகள். நாளுக்கு ஒரே ஒரு கூட்டல். பைத்தானிலும் இதைக் கண்டிருக்கலாம்தான். அங்கே தேட வேண்டிய நெருக்கடி இல்லை.

விடை பதிவகத்தில் இருந்தது. திரைக்கு வர மறுத்தது. எண்ணை மீண்டும் எழுத்தாக்க வேண்டுமே! 5934-ஐப் பத்தால் வகுத்தால் மீதி 4, அடுத்து 3, பின் 9, பின் 5 எனத் தலைகீழாக வரும். ஒவ்வொன்றையும் அடுக்கில் போட்டுவைத்து, மேலிருந்து எடுத்தால் நேராகும். அப்படித்தான் எழுதினேன். நிரல் உடனே விழுந்தது. 'மிதவைப்புள்ளிப் பிழை' என்று லினக்சு கூறிற்று. என் நிரலில் மிதவைப்புள்ளி ஒன்றுகூட இல்லை. ஒரு மாலை முழுதும் இல்லாத புள்ளியைத் தேடினேன். செயலியின் வகுத்தல் கட்டளை ஆர்ஏஎக்சை மட்டும் வகுப்பதன்று. ஆர்டிஎக்சையும் அதற்கு முன் சேர்த்து, 128 பிட் எண்ணாகக் கொண்டு வகுக்கிறது. ஆர்டிஎக்சிலோ, கோப்பைப் படிக்கையில் நான் வைத்த 4096 அப்படியே இருந்தது. ஈவு 64 பிட்டில் அடங்காமற் போகவே செயலி மறுத்தது. அந்த மறுப்புக்கு லினக்சு இட்டிருக்கும் பெயர்தான் பொருந்தாப் பெயர். வகுக்கும் முன் ஆர்டிஎக்சைப் பூச்சியமாக்கும் ஒரு வரி சேர்த்ததும் 5934 வந்தது.

இரண்டாம் பகுதி 256 நாள் கேட்டது. பட்டியல் வைத்தவர்க்கு மீனுக்கு ஒரு பைட் என்றாலும் 27 கிகாபைட் வேண்டும். என் நிரலில் மாற்ற வேண்டியது நாளின் எண்ணிக்கை ஒன்றே. அதிலும் ஒரு வேடிக்கை. நாளை ஒரே பைட்டில் எண்ணினால் 255-க்கு அடுத்து 0 வரும். 256 என்னும் நாள் வரவே வராது. ஆனால் 0-வில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டி, மீண்டும் 0 ஆகும் வரை சுற்று என்றால், சுற்று சரியாக 256 முறை நடக்கும். குறையையே கருவியாக்கிக்கொண்டதில் எனக்குச் சற்றே செருக்கும் உண்டாயிற்று.

செருக்கு நிலைக்கவில்லை. வந்த விடை 1,21,46,53,763. ஐயுற ஒன்றுமில்லாத, நல்ல குடிப்பிறந்த எண் போலத்தான் தோன்றிற்று. எடுத்துக்காட்டின் உண்மை விடை 26,98,44,57,539. இரண்டின் வேறுபாடு 4,29,49,67,296-இன் ஆறு மடங்கு; அதாவது இரண்டின் 32-ஆம் அடுக்கு ஆறு முறை கழிந்திருந்தது. பெட்டி 8 பைட்டாக இருந்தும், கூட்டலை நான் இஏஎக்சு என்னும் பெயரால் செய்திருந்தேன். அது ஆர்ஏஎக்சு பதிவகத்தின் 32-பிட் பாதி. நிரம்பி வழிந்ததைச் செயலி ஒரு கொடி உயர்த்திக் காட்டத்தான் செய்தது. பார்க்கச் சொல்லி நான் எழுதாததால் கொடி யாருக்கும் தெரியாமல் இறங்கிற்று. பைத்தான் எண்ணைத் தேவைக்கு ஏற்ப நீட்டிக்கொண்டிருக்கும்; சிக் மொழி தன் காப்பு நிலையில் நிரலை நிறுத்தி வழிந்த வரியைச் சுட்டியிருக்கும்.

இகரத்தை ஆராக மாற்றினேன். கூட்டல் வரிகளில் அவ்வளவே திருத்தம். இரண்டாம் பகுதியும் அவிழ்ந்தது. 64 பிட்டும் ஏறத்தாழ 490-ஆம் நாளில் நிரம்பி வழியும். நல்வேளையாக, மீன்களை அதுவரை வளர்க்கும்படி புதிர் கேட்கவில்லை.