கல்லான அகலிகை, கல்லாகாத அகலிகை

 

அகலிகை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கல். ஆனால் வால்மீகி இராமாயணத்தின் பாலகாண்டத்தில் அவள் கல்லாவதில்லை. காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் வாழ வேண்டும் என்பதுதான், இந்திரனோடு கூடியதற்காக அவள் கணவர் கௌதம முனிவர் இட்ட சாபம். சாபம் நீங்கியதும் இராமனும் இலக்குவனும் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள்.

கம்பனில் அவள் கல்லாகிறாள். இராமன் காலடித் துகள் பட்டு எழுகிறாள். அப்படியானால் கல் கம்பனின் கற்பனையா? அதுவும் இல்லை. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பரிபாடலின் 19ஆம் பாடல், திருப்பரங்குன்றத்தில் இருந்த ஓவியங்களைச் சொல்கிறது. பூனையாக மாறிய இந்திரன், சினந்த கௌதமன், கல்லுருவான அகலிகை எல்லோரும் அங்கே இருக்கிறார்கள்! வந்தவர்கள் ஒருவருக்கொருவர் காட்டி விளக்கினார்களாம்.

1943இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘சாபவிமோசனம்’ கதையில்தான் பெரிய திருப்பம். இராமன் சீதையைத் தீக்குளிக்க வைத்ததைச் சீதையின் வாயாலேயே கேட்கிறாள் அகலிகை. தனக்கு ஒரு நீதி, இராமனுக்கு வேறொரு நீதியா என்று கொதிக்கிறாள். கடைசியில் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். முன்பு கல்லாக்கியது முனிவரின் கோபம். இம்முறை அவள் மனமே அதைச் செய்கிறது. ஒரு பாத்திரத்தை இதைவிடக் கூர்மையாக யாரும் திருப்பி எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் கம்பனின் அகலிகைப் படலம், பிறகு இந்தச் சிறுகதை என்று படித்துப் பாருங்கள். கந்தர்வக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்துப் பயணத்திலேயே கதையை முடித்துவிடலாம்.